அங்கே ஒரு ஜோடி கீல் என்ன விலை?

என் கண்ணம்மாவுக்கு,

உன் அப்பாவின் முட்டி வலியைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நம் பட்டறையில் கதவுக் கீல் அடிப்பது பாதியாகக் குறைந்துவிட்டது. நீ இருக்கிற நாட்டிலிருந்துதான் கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறது. அவர்கள் ஒரு ஜோடி விற்கிற விலைக்கு எனக்கு வெறும் தகடுகூடக் கிடைக்காது, அப்புறம் கூலிக்கும் கரண்டுக்கும் எங்கே போவேன்? இருபது வருஷமாக நம்மிடம் வாங்கிய இரும்புக் கடைக்காரர் முகத்தையே பார்க்காமல், "நான் என்னக்கா பண்றது, வர்றவங்க விலையத்தானே பாக்கறாங்க" என்கிறார். அவரைச் சொல்லி என்ன, உன் சித்தப்பாவே புது வீட்டுக்கு அந்தக் கீலைத்தான் மாட்டியிருக்கிறார். நான் போனபோது கதவை மறைத்துக்கொண்டே நின்றார், பாவம். நம் பட்டறையில் தகடு வெட்டுகிற பிரஸ் மெஷினை ஓட்டுகிறவர், நாம் மணிக்கூண்டு என்று பட்டப்பேர் வைத்தோமே, ஒரு நாள்கூட நேரம் தவறாத மனுஷன், திங்கட்கிழமை வேலையை விட்டுவிட்டார். அந்தக் கீல் வந்து இறங்குகிற கிடங்கிலேயே பெட்டி தூக்கப் போகிறாராம். கன்னாபின்னாவென்று திட்டிவிட்டேன். "பசங்க படிக்கணும்லக்கா" என்று ஒரே வார்த்தை சொன்னார்.

வியாழக்கிழமை ஏழு பட்டறைக்காரர்கள் சேர்ந்து வர்த்தக அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி, "மலிவா விக்கறது குத்தமில்லம்மா. அவங்க ஊர்ல விக்கறதவிடக் கம்மியா இங்க கொண்டாந்து கொட்டறாங்கன்னா அத்தாட்சி காட்டுங்க, விசாரிக்கலாம்" என்று மூன்று வாரம் தவணை கொடுத்தார். அந்த ஊர்க் கடை பில்லுக்கு எங்கே போவது என்று எல்லோரும் விழித்தார்கள். என் பெண் அங்கேதான் இருக்கிறாள் என்று நான் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான். உன் வேலைக்கு இதனால் சங்கடம் வருமென்றால் விட்டுவிடு என்று எழுதத்தான் நினைத்தேன், மனசு வரவில்லை. போய் வாங்கு.

நாலைந்து கடையில் வாங்கு, மூன்று அங்குலக் கீல், இத்துடன் வைத்திருக்கும் அட்டைப்பெட்டி மூடியில் இருக்கிற அதே கம்பெனி. பில்லில் தேதி இருக்க வேண்டும், மறந்துவிடாதே. அங்கேயும் இதே விலைதான் என்றால் அதையும் மறைக்காமல் எழுது. நியாயமாகத் தோற்றோம் என்று தெரிந்தால் பட்டறையை நானே இழுத்து மூடுகிறேன்.

நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இரு.

ஆசியுடன்,
உன் அம்மா