பட்டு மெத்தையில் அணைந்த நகரம்

அருவி வற்றாத குன்றவாயில் நாட்டின் பட்டத்தரசியும், ஆழிமுனை மன்னரின் மூத்த திருமகளுமாகிய நறுந்தேவியார் திருமுன்பு, ஆழிமுனை அமைச்சன் கூத்தங்கண்ணன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் குடையும் குடிகளும் குளிர்ந்திருக்க.

தங்கள் இளவல் கோமாறனார் காய்ச்சலில் மறைந்த பதினோராம் நாள், அவருடைய மடிக்கணினியை அரசி நறுந்தேவியாரே இவ்வமைச்சன் கையில் ஒப்படைத்தார். அதிலுள்ள விளையாட்டில் தமக்கையோடு ஆடி அவர் கட்டிய நகரத்தின் விளக்குகள் ஆண்டுத் திதிக்கடன் வரை அணையலாகாது என்றும், தமக்கென அவர் அங்கே பதிந்து வைத்த குரலை அப்போது வந்து கேட்பதாகவும், இன்று கேட்கத் துணிவில்லை என்றும் பணித்தார். அந்நகரம் அணைந்துவிட்டது. குரலும் போயிற்று. இதைச் சுற்றி வளைத்து எழுத மூன்று ஓலைகளைக் கெடுத்த அமைச்சன், நான்காவதில் இப்படியே எழுதிவிட்டான்.

அரச குலத்தார் பொருளை வெறும் பலகையில் வைப்பது நம் அரண்மனையில் வழக்கமில்லை என்பதும், மறைந்தவர் பொருளை ஆண்டு திரும்புமுன் நகலெடுப்பது தீட்டு என்பதும் அரசியார் அறிந்தவையே. ஆகவே அமைச்சன் அக்கருவியை இலவம்பஞ்சுப் பட்டு மெத்தையில் அமர்த்தி, பொன்னாடையும் போர்த்தி, மின்னிணைப்பை ஒருபொழுதும் நீக்காது ஓடவிட்டான். சில திங்களில் விசிறிகள் அலறத் தொடங்கின. நாற்பதாண்டு அரசியல் கற்ற அவன் மூளை, கருவியும் இளவரசருக்காக அழுகிறது என்று கண்டுபிடித்தது. அருகில் உட்கார்ந்து அவனும் அழுதான். திரையோரம் சிவப்பில் தொண்ணூற்றெட்டு என்றோர் எண் தோன்றியபோது அதை மதிப்பெண் என்று எண்ணி, இளவரசரின் நகரம் நூறு வாங்கப்போகிறது என்று மன்னரிடம் போய்ப் பெருமையும் பேசினான். மன்னரும் மகிழ்ந்தார்.

கருவி தானே அணைந்து தன்னைக் காத்துக்கொள்ளப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் அவன் எழுப்பினான். நான்காம் முறை, குளிர் கண்டிருக்கும் என்று இன்னொரு சால்வை போர்த்தினான். ஐந்தாம் முறை அது எழவில்லை.

கணினி பழுதுபார்க்கும் வெண்ணி வந்து சால்வைகளை விலக்கினாள். பதவிக்குரிய மரியாதையை அவள் விடவில்லை, ஆயினும் சொன்னாள்: “ஐயா, இது மூச்சு விடுற ஓட்டையெல்லாம் அடியில இருக்கு. நீங்க மெத்தையில வெச்சு அமுக்கிட்டீங்க.” பேட்டரி உப்பி உள்ளே நெரித்திருந்தது. குரல் இருந்த எஸ்எஸ்டி என்னும் சேமிப்புத் தகடு வெந்திருந்தது. மூன்று நாள் போராடியவள், நான்காம் நாள் கருவிகளை எடுத்து வைத்தாள்.

அவள் உரைத்த வெப்ப அளவுகளை மன்னர் ஆணையாக்கித் தங்கள் நாட்டுக்கும் அனுப்புகிறார். விளையாட்டின் உச்சத்தில் பிராசசர் எண்பத்தைந்து பாகை செல்சியசுக்குள் இருத்தல் நன்று. தொண்ணூற்றைந்தைத் தொட்டால் ஆட்டத்தை நிறுத்துக. கிராபிக்ஸ் சிப் எண்பத்தைந்தைத் தாண்டலாகாது. எஸ்எஸ்டி எழுபதையும், பேட்டரி நாற்பத்தைந்தையும் தாண்டலாகாது. கணினியைக் கட்டாந்தரையிலேனும் வைக்கலாம், மெத்தையில் வைக்கலாகாது, தூசி தட்டுக, எவ்வளவு அன்பிருந்தாலும் போர்த்தற்க.

இனி ஒன்று. நகரம் ஓடுகிறதா என்று பார்க்கையில் கைதவறி, அக்குரலை அமைச்சன் ஒருமுறை கேட்டுவிட்டான். அரசியாருக்கு முன் கேட்டது குற்றம். இன்று அக்குற்றம் ஒன்றே மிச்சம். அவையில் எவர் குரலையும் எடுத்துப் பேசிச் சிரிக்கவைத்த இக்கோமாளி, தங்கள் வருகைக்காக அதைப் பன்னிரண்டு நாள் பழகிப் பார்த்தான். வருவதெல்லாம் கிழவன் குரல். ‘நானே’ என்னும் சொல்லில் இளவரசர் கொஞ்சம் சிரித்தார். அச்சிரிப்பு மட்டும் ஒருவாறு வருகிறது, அதுவும் அழுகையாய் முடிகிறது.

ஆகவே அச்சொற்களைக் கடைசி ஏட்டில் தனியே எழுதியிருக்கிறான். ஓலை வாசிப்போர் இங்கே நிறுத்தி, அவ்வேட்டை அரசியார் கையில் கொடுத்து அகல்க. வேறெவர் குரலும் அதன்மேல் படலாகாது என்பது மன்னர் ஆணை. இளவரசர் குரலை உள்ளே வைத்திருப்பவர் அரசியார் ஒருவரே. அமைச்சனுக்குரிய தண்டனையை அதன்பின் அறிவித்தருள்க.

ஐப்பசி ஒன்பதாம் நாள், ஆழிமுனை மன்னர் முத்திரையிட்டது. எழுத்து, கூத்தங்கண்ணன்.

கடைசி ஏடு:

“அக்கா, வடக்கு மதில இடிச்சுடாத. ரெண்டு வாய் சாப்பிட்டு வந்து நானே கட்டுறேன்.”