அடுப்புக் கதை

மார்ச் 4, செவ்வாய்

இன்று கார் ஓட்டிப் பழக வந்தவர் வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மா. கிளச்சை விடச் சொன்னால் மூச்சை விடுகிறார். பயம் போக வழக்கம்போல அடுப்புக் கதையை எடுத்துவிட்டேன். என்னிடம் பழகியவர்களில் லைசென்ஸ் கிடைக்காதவர்கள் உண்டு. இந்தக் கதை கிடைக்காதவர்கள் கிடையாது.

மகள் சின்னவளாக இருந்தபோது, என் மனைவி ஒரு நாள் கோபித்துக்கொண்டு பெட்டியும் கையுமாக பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள். நான் அசையவில்லை. சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். போனவள் திரும்பி வந்தாள். என்னம்மா என்றால், அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகம் வந்துவிட்டதாம். "என் குடும்பத்தைக் காப்பாத்துனது நான் இல்லைங்க, கேஸ் அடுப்பு" என்று முடிப்பேன்.

வங்கி அம்மா சிரித்த சிரிப்பில் வண்டி நின்றுவிட்டது. பிரேக்கை மிதித்தது அவர் அல்ல. பயிற்சிக் காரில் என் காலடியிலும் ஒன்று உண்டு.

மார்ச் 9

பக்கவாதம் வந்ததிலிருந்து என் மனைவியிடம் மிஞ்சியிருப்பது ஒரே வார்த்தை. இல்ல. சாப்பிடுகிறாயா என்றால் "இல்ல" என்று சொல்லி வாயைத் திறக்கிறாள். தூக்கம் வருதா என்றால் "இல்ல" என்று கண்ணை மூடுகிறாள். அதற்கு அர்த்தம் தேடாதீர்கள், குழாய் சொட்டுகிற மாதிரிதான் என்கிறார் டாக்டர். இத்தனை வருஷம் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று அந்த வார்த்தையைச் செலவு பண்ணிவிட்டாள் டாக்டர், அதனால் இது மட்டும் மிச்சம் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மார்ச் 12

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்தாள். ஒரு படத்தை மனைவியிடம் காட்டி இது என்ன என்றாள். குடை என்றேன் நான். அடுத்த படம். சாவி என்றேன். "சார், பேச்சு வராதது அவங்களுக்கு" என்றாள். மூன்றாவது படத்துக்கு என்னை சமையலறைக்கு அனுப்பிவிட்டாள். பத்தாவதில் இப்படி டக் டக்கென்று பதில் வந்திருந்தால் நான் ஏன் பெயிலாகிறேன்.

மார்ச் 16

மச்சானும் அவர் மனைவியும் பார்க்க வந்தார்கள். வீடு சாவு வீடு மாதிரி இருந்தது. கலகலப்புக்காக அடுப்புக் கதையைத் தொடங்கினேன். அடுப்பு வரும் இடத்தில் கட்டிலிலிருந்து "இல்ல" என்றாள். எல்லோரும் சிரித்தோம். பாருங்க, இப்பவும் ஒத்துக்க மாட்டேங்கறா என்றேன். மறுபடி "இல்ல. இல்ல." வேலை செய்கிற அந்த ஒரு கையால் மெத்தையை அடித்தாள். சாப்பாட்டுக்குச் சொல்கிற இல்ல வேறு, இது வேறு. குழாய் சொட்டும்போது கண் இப்படிப் பார்க்காது.

மச்சான் சீக்கிரம் கிளம்பிவிட்டார்.

மார்ச் 17

எது இல்லை?

மார்ச் 22

மகள் ஊரிலிருந்து வந்திருக்கிறாள். நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டாள்: "அம்மா ஏம்ப்பா அன்னிக்குப் போனாங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பெட்டியும் கையுமாக என்றுதான் வந்தது. என் கதை பெட்டியிலிருந்துதான் தொடங்குகிறது. பெட்டிக்கு முன்னால்? கை நீட்டுகிற ஆள் இல்லை நான். ஆனால் வாய்? என்ன சொன்னேன் அன்றைக்கு? அவள் போனதை ஊர் முழுக்கச் சொன்னவனுக்கு ஏன் போனாள் என்று தெரியவில்லை.

போன வருஷம் போனில் என் மனைவி மகளிடம் சொன்னாளாம்: "அப்பா சொல்ற மாதிரி இல்லடி அது. நான் சொல்றேன் கேளு." மகள், மீட்டிங் இருக்கும்மா, அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டாளாம். இதைச் சொல்லிவிட்டு மகள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

காது நன்றாகக் கேட்கிற இரண்டு பேர், இந்தக் குடும்பத்தில்.

மார்ச் 25

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். அடுப்பு காரணம் இல்லையா? இல்ல. குழந்தைக்காக வந்தியா? இல்ல. உங்க வீட்டுல என்ன சொல்வாங்களோன்னு பயமா? இல்ல. என்மேல வெறுப்பா? இல்ல. கடைசியில் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கேள்வியும் நான்தானே போடுகிறேன். குடை, சாவி.

மார்ச் 29

மகள் ஒரு புத்தகம் கொண்டுவந்திருக்கிறாள். யாரோ ஒரு அம்மா தன் கல்யாண வாழ்க்கையைத் தானே எழுதியது. பொம்பளைங்க எழுதறது எல்லாம் புலம்பல் என்று முன்பு சொல்வேன். இன்று வாயை மூடிக்கொண்டு சாய்வு நாற்காலியில் இருந்தேன். மகள் அவளுக்குப் படித்துக் காட்டினாள். ஓர் இடத்தில் அவள் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். மகள் அந்த வரியைத் திரும்பப் படித்தாள். கையை விடவில்லை. மறுபடி படித்தாள்.

"கடைசி வண்டி போகும்வரை உட்கார்ந்திருந்தேன். யாராவது தேடி வருவார்களா என்று பார்த்தேன். பிறகு, பிறந்த வீட்டுக்குப் போக வெட்கமாக இருந்தது, திரும்பி வந்துவிட்டேன்."

இல்ல என்று அவள் சொல்லவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் இறங்கியது.

மகள் என் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்திருக்கலாம் என்று பார்த்தேன். நாற்காலி விடவில்லை.

மார்ச் 30

முகம் தெரியாத அந்த அம்மா எழுதாமல் விட்டிருந்தால் இவ்வளவுகூட எனக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அது அந்த அம்மாவின் பஸ் ஸ்டாண்ட். இவளுடையது? சாப்பிட்டிருந்தாளா? மழையா வெயிலா? பெஞ்சில் பக்கத்தில் யார் இருந்தார்கள்? ஒவ்வொரு தடவையும் நான் கதையைத் தொடங்கும்போது அவள் ஏதோ சொல்ல வருவாள். "அது அப்படி இல்லைங்க..." அதற்குள் நான் அடுப்புக்கு வந்துவிடுவேன். எல்லாரும் சிரிச்சுடுவாங்க. அவளும் சிரிப்பா. சிரிச்சாளேன்னுதானே நான்— அடப்பாவி, ஒரு தடவை வாயை மூடிட்டுக் கேட்டிருக்கக் கூடாதா? எங்கே போய் இப்போ கேட்பேன்?

ஏப்ரல் 11

பேச்சுப் பயிற்சிப் பெண் இனி வரமாட்டாள். இதற்குமேல் முன்னேற்றம் இருக்காதாம்.

ஏப்ரல் 15

வங்கி அம்மா இன்று தங்கையையும் பின்சீட்டில் உட்கார வைத்து வந்தார். "சார், அந்த அடுப்புக் கதையை இவளுக்கும் சொல்லுங்களேன்."

"அந்தக் கதை எனக்குத் தெரியாதும்மா."

"நீங்கதானே சார் சொன்னீங்க?"

"நான் வீட்டுல பேப்பர் படிச்சிட்டிருந்தேன்மா. பஸ் ஸ்டாண்டுக்குப் போனது அவ."

அவர் ஏதோ கேட்க வந்தார். ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க என்றேன்.