பூமாரியக்கா கொண்டுவந்த அயிரை

மார்க்கையன்கோட்டை,
நவம்பர் 1974

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்த அர்த்தராத்திரியில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பிள்ளை இப்போதுதான் தூங்கினாள். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? நாங்கள் கர்த்தர் கிருபையால் சுகம்.

இங்கே ஒரு சின்ன மனஸ்தாபம், பயப்படாதீர்கள். நேற்று வயலில் பூச்சிமருந்து அடித்தார்கள். மயங்கி மிதந்த அயிரை மீனை எல்லாரும் அள்ளினார்கள். வீட்டுக்கார பூமாரியக்கா எனக்கும் ஒரு சட்டி கொண்டுவந்து, "பால் நல்லா ஊறும், கொழம்பு வையி ஆத்தா" என்றார். பூனைகூடத் தின்னக்கூடாதென்று கொல்லையில் குழிதோண்டிப் புதைத்தேன். பார்த்துவிட்டார்.

"ஆசையாக் கொண்டாந்தத குழியில போடுற. காலேசுல இதத்தான் சொல்லிக் குடுத்தாகளா?"

"ஆமாக்கா, இதத்தான்" என்றேன்.

நீங்களும் அவர் பக்கம்தான் பேசுவீர்கள். வெயிலைத் தின்று பயிர் வளர்கிறது. பயிரைப் பூச்சி தின்கிறது, பூச்சியை மீன், மீனை நான், என்னை என் மகள். பூச்சிக்கு வைத்த விஷமும் அதே வழியில்தான் வரும். கடைசி வாய் அவளுடையது. அதற்கு முந்தின வாயை நான் மூடிக்கொண்டேன்.

பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரும் பூமாரியக்காதான். இன்று பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கே தூக்கிப்போய் வகுப்பிலேயே தொட்டில் கட்டினேன். தலைமையாசிரியர் முறைத்தார். நாளையும் கட்டுவேன்.

பால் ஊறுவதற்கு நம் தூத்துக்குடி பால்சுறாக் கருவாடு கொஞ்சம் அனுப்புங்கள். தொட்டிலுக்கு உங்கள் பழைய சேலை ஒன்றும் வேண்டும். துவைக்காமலே அனுப்புங்கள்.

விளக்கில் எண்ணெய் தீர்கிறது. சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் மகள்,
ஞானசெல்வி