கட்டிக்குக் கிடைத்த மதிப்பெண்

மார்ச் 4, செவ்வாய்

புற்றுநோய்க் கட்டிக்காக இடது மார்பை எடுத்த இடத்தில் தையல் ஆறிவிட்டது. கட்டியின் ஒரு துண்டை மரபணுச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார் டாக்டர் ஹால்வர்சன். "கீமோ உங்களுக்கு உதவுமா, சும்மா வதைக்குமான்னு அந்தக் கட்டியே சொல்லிடும், மார்லிஸ். மதிப்பெண் இருபத்தஞ்சைத் தாண்டலன்னா கீமோ வேண்டாம்."

எனக்குப் பிடித்துவிட்டது. நானும் சீஸை ருசி பார்த்து மதிப்பெண் போட்டுத்தானே பிழைக்கிறேன்! கீமோ நாக்கின் ருசியைக் கெடுக்கும் என்கிறார்கள். உயிருக்கு அவசியம் என்றால் நாக்கைக் கொடுப்பேன். அவசியமில்லாமல் எதற்கு?

மார்ச் 8, சனி

நேற்று ஊரின் வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் என் வீட்டுக்காரன் ஆரின், இரண்டு பீர் உள்ளே போனதும், "அவளுக்குக் கீமோ ஆரம்பிக்கறாங்க" என்று அறிவித்துவிட்டான். சோதனை முடிவே வரவில்லை! இன்று காலையிலிருந்து சர்ச் பெண்கள் வரிசையாக ஹாட்டிஷ் என்னும் சுட்ட இறைச்சிக் கலவைத் தட்டுகளோடு வருகிறார்கள். ஃப்ரீசர் மூட மாட்டேன் என்கிறது. அவர்களில் ஜேனல் எனக்குக் கம்பளித் தொப்பியே பின்னிவிட்டாள். "முடி இன்னும் கொட்டலையா?" என்றாள், ஏமாந்துபோய்.

மார்ச் 13

பயமா? இல்லை. சரி, கொஞ்சம்.

மார்ச் 19, புதன்

பதினொன்று!

"கீமோவால உங்களுக்கு லாபமே இல்ல. மாத்திரை போதும்" என்றார் டாக்டர். நான் சிரித்தேன். ஆரின் சிரிக்கவில்லை. "இருக்கற சிகிச்சையையெல்லாம் குடுத்துடுங்க டாக்டர்."

வண்டியில் சண்டை. "ஒரு சோதனைய நம்பி உசிரோட விளையாடறியா?"

"அதே சோதனை முப்பதுன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்ப இல்ல?"

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. என் உடம்பு, என் முடிவு. மாத்திரையைத் தொடங்கிவிட்டேன்.

மார்ச் 22, சனி

நேற்று மறுபடியும் மீன் விருந்து. "கீமோவுலயும் இப்படி மினுமினுன்னு இருக்கியே!" என்றார்கள். ஆரின் தானாகவே எழுந்தான். "அவளுக்குக் கீமோவே வேண்டாமாம். நான்தான் அவசரப்பட்டு உளறிட்டேன்." ஒரே கைதட்டல்.

வண்டியில் ஏறியதும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதான். "கீமோன்னா உன்னைக் கூட்டிட்டுப் போவேன், வாந்திக்கு வாளி பிடிப்பேன்னு நெனச்சேன். மாத்திரைக்கு நான் எதுக்கு, மார்லிஸ்?"

மடையன்! இதற்காகவா இத்தனை சண்டை? எனக்கும் அழுகை வந்துவிட்டது. "திங்கட்கிழமை என்னை வேலைக்குக் கொண்டுபோய் விடு" என்றேன்.

மார்ச் 24, திங்கள்

கொண்டுபோய் விட்டான். சீக்கிரமே கிளம்பி, வண்டியைச் சூடேற்றி வைத்திருந்தான்.

வாயில் வைத்த முதல் சீஸிலேயே லேசான கசப்பு; என் நாக்கு தப்பாமல் பிடித்துவிட்டது. மதிப்பெண்ணைக் குறைத்தேன். முதலாளிக்கு முகம் சுருங்கிப்போனது. எனக்கோ, அந்தக் கசப்பை விழுங்கவே மனம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.