காலியாக வந்த பாத்திரம்

சால்மியா, 14 நவம்பர் 2024, வியாழன்

தம்பி மிஷாரிக்கு, அக்காவின் சலாம்.

போனில் என்றால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் டிரைவர் கையில் பாத்திரத்தோடு காகிதமும் அனுப்புகிறேன். உன் சிறுநீரகம் எனக்குப் பொருந்துகிறதாம். டாக்டரம்மா சொன்னதும் அங்கேயே அழுதுவிட்டேன். ஆனால் நூற்று இருபத்தொரு கிலோ உடம்பில் கத்தி வைக்க மாட்டார்களாம். மே மாதக் கடைசிக்குள் நூற்றைந்துக்கு இறங்க வேண்டும். அதற்கு மேல் என் உடம்பு தாங்காது என்றும் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

எனக்காக நீ பட்டினி கிடக்கப்போகிறாயே என்று மனசு கேட்கவில்லை. ஆட்டுக்கறி மச்பூஸ் சோறு வைத்திருக்கிறேன். இன்று மட்டும் சாப்பிடு.

உன் அக்கா லுல்வா

*

ஜஹ்ரா, 6 டிசம்பர்

அன்புள்ள அக்கா,

நூற்றுப் பதினாறு! நம்பு.

நடக்கத்தான் விடமாட்டேன் என்கிறார்கள். தெருவில் பத்து எட்டு வைத்தால் ஒரு கார் நிற்கிறது. "என்னப்பா, வண்டி ரிப்பேரா? ஏறு, விட்டுடறேன்." மூன்றாவது காரில் ஏறிவிட்டேன். எத்தனை பேருக்குத்தான் கதை சொல்வது? சாயங்காலம் மாமா வீட்டு முன்னறையில், அவருடைய திவானியாவில், அரட்டைக்கு ஆட்கள் கூடினால் சோற்றுத் தட்டும் வந்துவிடுகிறது. வேண்டாம் என்றேன். "ஏன்டா, எங்க வீட்டுச் சோத்துல விஷமா வெச்சிருக்கோம்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் கை நனைத்தேன்.

உன் பாத்திரத்தில் ஹயா பேரீச்சம்பழ அல்வா வைத்திருக்கிறாள். அது உனக்கு ஆகாதென்று தெரியும், மச்சானுக்குக் கொடு. "வந்த பாத்திரத்தைக் காலியாத் திருப்பினா உறவை முறிச்ச மாதிரி" என்கிறாள் என் வீட்டுக்காரி.

மிஷாரி

*

சால்மியா, 6 மார்ச் 2025

மிஷாரிக்கு,

நூற்றுப் பதினேழாமே! டாக்டரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கிறேன். பக்கத்துக் கட்டில் பெண் போன வாரம் வரவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை, விரிப்பை மாற்றிவிட்டார்கள். எனக்குப் பயமாயிருக்கிறது மிஷாரி. ஒரு தம்பிக்கு ஆறு மாதம் வாயைக் கட்ட முடியாதா? கொடுக்க மனசில்லையென்றால் சொல்லித் தொலை.

நோன்பு எனக்குத்தான் இல்லை, நீயாவது ருசியாகத் திற. கோதுமையும் கறியும் குழைத்து, நெய் மிதக்க ஹரீஸ் வைத்திருக்கிறேன். மூன்று மணி நேரம் கிளறியது, சூடு ஆறுமுன் சாப்பிடு.

லுல்வா

*

ஜஹ்ரா, 7 மார்ச்

அக்கா,

பாத்திரம் காலியாக வருகிறது. கத்துவதற்கு முன் இதைப் படி.

நேற்று நோன்பு திறந்ததும் உன் பாத்திரத்து மூடியைத் திறந்தேன். ஊசி குத்திக் குத்தி வீங்கிய கையால் கிளறியிருப்பாய். அதை எப்படித் தள்ளுவேன்? நாலு மாதமாக வியாழன்தோறும் இதேதான். மாமாவிடம்கூட வேண்டாம் என்று சொல்லப் பழகிவிட்டேன், அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை. உன் சோற்றிடம் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வியாழன் இந்தப் பாத்திரம் வருமோ வராதோ என்ற பயத்திலேயே அடிவரை வழித்துத் தின்கிறேன். என் எடையை ஏற்றியது திவானியா மட்டுமல்ல, நீயும்தான்.

இந்த முறை ஹரீஸை வாயில் வைக்காமல் வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டேன். "காலியா அனுப்பாதீங்க" என்று ஹயா அழுதாள். உறவு முறிந்தாலும் பரவாயில்லை அக்கா, நீ இருக்க வேண்டும்.

மிஷாரி

*

சால்மியா, 27 மார்ச், வியாழன்

தம்பிக்கு,

காலிப் பாத்திரத்தைப் பார்த்ததும் டிரைவரிடமே கத்திவிட்டேன். காகிதத்தை மூன்று நாள் தொடவில்லை. படித்த பிறகு இரண்டு வியாழன் டிரைவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினேன். நான் உனக்கு ஊட்டியதெல்லாம் எனக்கே குழி வெட்டியதா?

இன்று டிரைவர் வழக்கம்போல் வந்து, "இன்னிக்கு என்னம்மா சமையல்?" என்றார். பாத்திரத்தைக் கழுவித் துடைத்துக் கொடுத்தனுப்புகிறேன். உள்ளே இந்தக் காகிதம் மட்டும்தான். நீயும் இப்படியே திருப்பி அனுப்பு, எடையை மட்டும் எழுதி.

அக்கா

*

ஜஹ்ரா, 28 மார்ச்

அக்கா,

நூற்றுப் பதிமூன்று.

மிஷாரி