பிரிக்காத பெட்டி

அன்புள்ள உங்களுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்க இந்த முறை கூச்சமாக இருக்கிறது. போனில் பேசினால் வழக்கம்போல் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். கப்பல் அடுத்த துறைமுகத்துக்கு வரும்போது கம்பெனி ஏஜென்ட் இதை உங்கள் கையில் சேர்த்துவிடுவார் என்று நம்புகிறேன். அங்கேதானே புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதா, வேலையை விட்டு வீடு திரும்புவதா என்று நீங்கள் சொல்லியாக வேண்டும்?

“இன்னும் ரெண்டு வருஷம் இருங்கன்னு சொல்றாங்க. என்ஜின் ரூம் ஏணியில முட்டி முனகுது. வயசும் அறுபது ஆகப்போகுது. நீ என்ன சொல்ற?” என்று கேட்டீர்கள். நான் மோட்டார் ரிப்பேரைப் பற்றிச் சொன்னேன். மறுபடி கேட்டீர்கள். கல்லூரியில் தேர்வு வேலை என்றேன். கடைசியாகக் கேட்டபோது, “உங்க உடம்பு, உங்க வேலை. நீங்கதான் முடிவு பண்ணணும்” என்று பூசி மெழுகினேன். பெருந்தன்மையாகப் பேசிவிட்டதாக அன்று முழுவதும் ஒரு நினைப்பு வேறு.

எதிர் வீட்டு டெய்லர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “என்ன டீச்சரம்மா, கப்பல் கரையேறப் போகுதாமே? இனிமே டிவி ரிமோட் உங்க கைக்கு வராது” என்று சிரிக்கிறார். எங்கள் கல்லூரி நூலகர் ஓய்வு வயது வந்தும் நீட்டிப்புக் கேட்டு வாங்கிவிட்டார். “வீட்ல இருந்தா நாற்காலிய நகத்துனதுக்குக்கூட விளக்கம் சொல்லணும் மேடம்” என்கிறார். நான் அதை ஒரு சான்றாகப் பிடித்துக்கொண்டேன். உழைத்துப் பழகிய மனிதரை வீட்டில் அடைப்பது கொடுமை என்று எனக்கு நானே வாதம் கட்டினேன். வகுப்பில் தர்க்கம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். முடிவை முதலில் வைத்துக்கொண்டு பிறகு காரணம் தேடுகிறவர்களை எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் வந்திருந்தாள். பழைய கம்பளிச் சட்டை ஒன்றைத் தேடி பீரோவைத் திறந்தாள். மேலே என் துணிகள், நடுவில் விடைத்தாள்கள், கீழே புத்தகங்கள். “இதுல அப்பாவோட தட்டு எதும்மா?” என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். அப்பா எப்போதும் பெட்டியிலிருந்தே எடுத்து உடுத்துவார், கப்பல்காரர் பழக்கம் என்றேன். “கப்பல்ல அப்பாவுக்கு அலமாரி இருக்கும்மா. போட்டோ அனுப்பியிருக்காரு. அழகா மடிச்சு அடுக்கி வச்சிருக்காரு. இங்கதான் பெட்டி” என்றாள்.

எனக்கு முகம் சுட்டது. போன விடுமுறை முழுவதும் நீங்கள் கட்டிலடியிலிருந்து பெட்டியை இழுத்து, ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் உள்ளே தள்ளுவீர்கள். காய்ந்த துண்டுகூட அதற்குள்தான் போகும். நான் தினமும் பார்த்தேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்ததையும் பார்த்தேன். வந்த அன்று பீரோவைத் திறந்து, “அடேயப்பா, இவ்ளோ புஸ்தகமா!” என்று சிரித்துவிட்டு மூடினீர்களே, அது எதற்கான சிரிப்பு என்றும் எனக்குப் புரிந்தது. திரும்பிப் போகப்போகிறவர்தானே என்று இருந்துவிட்டேன்.

இத்தனை வருடம் தனியாக இருந்து பழகிவிட்டேன். விளக்கை எப்போது அணைப்பது, எந்த ஜன்னலைத் திறப்பது, எல்லாம் என் இஷ்டம். “பாவம், புருஷன் எங்கேயோ கடல்ல” என்று யாராவது பரிதாபப்பட்டால் தலையைக் குனிந்துகொள்வேன். துக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். நானும் திருத்தியதில்லை.

மகள் கிளம்பிப் போன பிறகு ஒரு தட்டைக் காலி செய்தேன். அவள் எதிரில் செய்ய வெட்கமாக இருந்தது. ஆனால் ஒரு தட்டோடு தீருகிற விஷயமா இது?

நாம் இருவரும் சேர்ந்தாற்போல் ஆறு மாதம் ஒரே வீட்டில் இருந்ததில்லை. கட்டாயம் சண்டை வரும். என்ஜின் சத்தத்தில் பழகிய தொண்டை, நீங்கள் சாதாரணமாகப் பேசினாலே கத்துவதுபோல் இருக்கும். நான் பேசாமலே இருந்து உங்களை வதைப்பேன். அதற்குப் பயந்துகொண்டு இன்னும் இரண்டு வருடம் உங்களை அந்த ஏணியில் ஏற்றி இறக்க நான் யார்? உங்களுக்கே அந்த வேலையில் ஆசை இருந்தால் இருங்கள். இங்கே இடமில்லை என்பதற்காக இருக்காதீர்கள்.

நீங்கள் கேட்டதற்கு இதுதான் என் பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். வந்துவிடுங்கள். வந்த பிறகு என் முகம் ஒரு நாள் சுளித்தால், உங்கள் வழக்கப்படி எழுந்து வெளியே நடக்கப் போய்விடாதீர்கள். உட்கார்ந்து, என்னை வாய்விட்டுத் திட்டுங்கள். கேட்டுக்கொள்கிறேன்.

நம் வீட்டிலிருந்து,
உங்கள் மனைவி