உன்னைக் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில்

என் பாசத்துக்குரிய லூர்தக்கா,

இன்று சாம்பல் புதன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தவன், ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். அதற்குள் நாலு தடவை எழுந்து வாசலுக்குப் போய் வந்துவிட்டேன். இருப்புக்கொள்ளவில்லை.

போன வருஷம் தவக்காலத்துக்கு முந்தின வாரம் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து தர்மபுரி டாக்டரிடம் உன்னைக் கூட்டிப்போனது நான்தானே. கம்பவுண்டர் உன் சிறுநீரில் நீல மருந்து கலந்து சூடாக்கிப் பார்த்தார்; செங்கல் நிறத்துக்கு வந்தது. சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் மாத்திரையை இரண்டு மடங்காக்கினார். அதையும் என்னிடம்தான் சொன்னார். நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா இல்லையா? "நீங்க படிச்சவரு, உங்ககிட்ட சொன்னா போதும்" என்பார். அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

"மூணு வேளையும் நேரத்துக்குச் சாப்பிடறாங்களா?" என்று கேட்டார். அவருக்கு நேர் எதிரே ஸ்டூலில் நீ இருந்தாய். கேள்வி உன் தலைக்கு மேலாக எனக்கு வந்தது. "வர்ற புதங்கிழமையிலிருந்துங்க..." என்று நீ ஆரம்பித்தாய். நான் உன் தோளை அழுத்திவிட்டு, "சாப்பிடறாங்க டாக்டர்" என்றேன்.

தவக்காலம் முழுக்க நீ ஒருசந்தி இருப்பது எனக்குத் தெரியாதா? பகலெல்லாம் பட்டினி, பொழுது சாய்ந்தபின் ஒரே வேளைச் சாப்பாடு. எனக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று நீ நேர்ந்துகொண்டு ஆரம்பித்ததே அது. சொன்னால், படித்த நீங்களே இப்படியா என்று டாக்டர் கேட்டுவிடுவார் என்று பயந்தேன். வேறு ஒரு காரணமும் இல்லை அக்கா. எத்தனையோ தடவை தேடிப் பார்த்துவிட்டேன்.

நீ டாக்டர் சொன்னதையும் விடவில்லை, சாமிக்குச் சொன்னதையும் விடவில்லை. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு காட்டு வேலைக்குப் போனாய். பதின்மூன்றாம் நாள், மஞ்சள் காட்டில் வேர்த்துக் கொட்டி உட்கார்ந்துவிட்டாய். பக்கத்துக் காட்டுக்காரி மோர் கொடுத்தாளாம். "ஒருசந்திங்க, வேணாங்க" என்றாயாம். அதையாவது குடித்திருக்கக் கூடாதா?

உன்னைத் தர்மபுரிக்கு ஏற்றிப்போன ஜீப் பொம்மிடியைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள். நானும் அதையே நம்பினேன். இரண்டு மாதம் கழித்து ஆபீசில் ஒருவர், சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்து, உன்னைப் போலவே வேர்த்துச் சாய்ந்தார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் தெளிந்துவிட்டார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அம்மாவுக்கும் சர்க்கரை. போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "ஒருசந்தியப் பத்தி டாக்டருகிட்ட வாயத் தொறக்காத. எம் பொண்ணு இருந்த ஒருசந்திய இந்த வருஷம் நான் இருக்கப்போறேன்" என்றாள். அவளைத் தடுக்க வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை கூட்டிப்போனேன். டாக்டர் அதே கேள்வியை என்னிடமே கேட்டார். "அவங்களையே கேளுங்க சார்" என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். தன் ஒருசந்தியோடு என் மானத்தையும் காப்பாற்றுகிறாளாம். "மூணு வேளையும் சாப்பிடறேங்க" என்றாள்.

"ஒருசந்தியைச் சொல்லும்மா" என்றேன்.

"ஒருசந்தின்னா என்னங்கம்மா?" என்று கேட்டார் டாக்டர். அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. "இத்தனை வருஷமா இங்க வைத்தியம் பாக்கறேன், யாரும் சொல்லலையே."

"நீங்க கேக்கலைங்களே" என்றாள் அம்மா.

அவர் நாற்காலியை அம்மாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இந்த மாத்திரையப் போட்டுட்டுப் பட்டினி கெடந்தா சர்க்கரை ஒரேயடியா எறங்கிடும். வேர்க்கும், மயக்கம் வரும். உயிரே போயிடும்ங்கம்மா" என்று நிதானமாகச் சொன்னார். உனக்கு யாருமே சொல்லாத நாலு வார்த்தை. "அப்ப எம் பொண்ணு?" என்றாள் அம்மா.

நான் சொன்னேன் அக்கா. அவர் கேட்டதையும், நீ பேச வந்ததையும், நான் சொன்ன பொய்யையும் எதையும் மிச்சம் வைக்காமல் சொன்னேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நானும் அவங்க முகத்தைப் பாத்துக் கேக்கலையே" என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

வீடு வந்து சேரும்வரை அம்மா பஸ் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை இல்லை. ஆனால் இன்று பூசை முடிந்து வந்ததும் மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு, அடுப்பங்கரையில் உட்கார்ந்து களி சாப்பிட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் அழுதாள். அழுதுகொண்டே வட்டில் காலியாகும்வரை சாப்பிட்டாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் என்னோடு பேசுவாளா, தெரியவில்லை. பேசாவிட்டாலும் மாதாமாதம் கூட்டிப்போவேன். டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். உள்ளே அவள் பேசட்டும், அவர் கேட்கட்டும். எவ்வளவு நேரமானாலும் கதவைத் தட்ட மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் ஒரே தம்பி,
அந்தோணி